இலை உதிரும் காலத்தில் ஒரு பாட்டுக்காரனின் ஓட்டம்

"நம் நாட்டில் இலையுதிர் காலம் ஏது? ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தானே!" என்று பட்டணத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. தைப்பூசம் முடிந்த கையோடு பால்மரக் காட்டுக்குள் போய் நின்றால் போதும். இலைகள் மஞ்சளாகி, செம்மையாகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று விழும். சில வாரங்களில் மரங்கள் மொட்டையாகிவிடும். என்றும் இருண்டு கிடக்கும் நிரைகளில் அப்போதுதான் வானம் தெரியும். காலடியில் சருகுகள் அப்பளம்போல் நொறுங்கும். பிறகு செம்புநிறத்தில் இளந்தளிர் எட்டிப்பார்க்கும்.

பார்க்க அழகுதான். ஆனால் இலை உதிர்ந்தால் பால் வரத்துக் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். எடைக்குக் கூலி வாங்கிய குடும்பங்களுக்கு அந்த இரண்டு மூன்று மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதை நம் தாய்மார்களைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கை வற்றிப்போகும் அந்தக் காலத்தில்தான் பேராக்கில் கோயில் திருவிழாக்களும் வரும். ஈப்போ தைப்பூசத்தில் தொடங்கி, மாசி, பங்குனி என்று தோட்டந்தோட்டமாகச் சென்று, தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமியில் போய் முடியும். திருவிழா என்றால் பாட்டுக் கச்சேரி இல்லாமலா? இலை உதிரும் காலம், என்போன்ற பாட்டுக்காரர்களுக்கு ஓட்டமான காலம்.

நான் பெரிய பாடகன் அல்லன். என் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. 1981-ஆம் ஆண்டில் எனக்கு இருபத்திரண்டு வயது. ஈப்போவில் இருந்த ஓர் இசைக்குழுவோடு அந்தப் பருவம் முழுவதும் ஊர் ஊராக ஓடினேன். அந்த ஓட்டத்தில் கண்ட இடங்களையும் மனிதர்களையும் பற்றி இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பருவத்தில் ஓர் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அதை நான் காப்பாற்றவில்லை.

ஈப்போவில் புறப்பாடு

ஈப்போ இரயில் நிலையத்தைப் பார்க்காதவர்கள் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து, 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளை மாளிகை அது. கும்மட்டங்களோடு நிற்கும் அதன் அழகைப் பார்த்து ஈப்போவின் தாஜ்மகால் என்று சொல்வார்கள். எங்களுக்கு அது சந்திக்கும் இடம். குழுவினர் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து அதன் எதிரே கூடுவோம். ஓர் அக்கார்டியன், ஒரு கித்தார், தபேலா, பேங்கோஸ், இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள், கதவு சரியாகச் சாத்தாத ஒரு பழைய வேன். எங்கள் சொத்து அவ்வளவுதான்.

முதல் கச்சேரி தைப்பூசத்துக்கு. புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டுப் பட்டணத்தைக் கடந்து, குனோங் சீரோ அடிவாரத்தில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகும். சுண்ணாம்புக்கல் மலையைக் குடைந்ததுபோல் அமைந்த அந்தக் கோயிலின் முன்னே, தோட்டங்களிலிருந்து லாரிகளில் வந்து இறங்கிய மக்கள் வெள்ளம். புந்தோங் என்றதும் உங்களுக்குக் காச்சாங் பூத்தே நினைவுக்கு வந்திருக்கும். கடலையும் முறுக்கும் பகோடாவும் நம்மவர் கைப்பக்குவத்தில் அங்கே செய்யப்பட்டுத்தான் ஊரெல்லாம் போகின்றன. ஒரு பொட்டலம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் இரண்டு கச்சேரிக்குத் தாங்கும்!

எங்கள் குழுவின் தலைவர் அக்கார்டியன் வாசிப்பவர். ஐம்பது வயது இருக்கும். நாங்கள் எல்லாரும் அவரை 'அண்ணன்' என்றே அழைப்போம். கண்டிப்பான மனிதர். நான் சேர்ந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"தம்பி, பாட்டுக்கு மூச்சு வேணும். மூச்சுக்கு ஓட்டம் வேணும். கச்சேரி முடிஞ்சு எத்தன மணிக்குப் படுத்தாலும் சரி, விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு ரெண்டு மைல் ஓடணும்."

பள்ளி நாள்களில் ஓட்டப்பந்தயத்தில் ஓடியவன்தான் நான். ஆனாலும் இரவு ஒரு மணிக்குப் படுத்தவன் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவது என்றால் சும்மாவா? திட்டிக்கொண்டே ஓடினேன்.

அந்நாளில் எங்களைப் போன்ற மேடைப் பையன்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதன் பெயர் மலேசியா வாசுதேவன். இந்த மண்ணில் 1944-இல் பிறந்து, இங்கே நாடக மேடைகளில் பாடியும் நடித்தும் பழகி, பிறகு சென்னைக்குப் போனவர் அவர். 1977-இல் '16 வயதினிலே' படம் வந்த பிறகு தமிழகமே அவர் குரலைக் கேட்டது. 'அவரால் முடிந்தது நம்மால் முடியாதா?' என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பையன் கனவு கண்டான். அந்தக் கனவுக்காரர்களில் நானும் ஒருவன். 2011 பிப்ரவரியில் அவர் மறைந்த செய்தியைக் கேட்டபோது, என் இருபத்திரண்டாம் வயதும் கூடவே போய்விட்டதுபோல் இருந்தது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில்

தைப்பூசம் கழிந்து வேன் வடக்கே திரும்பியது. நெடுஞ்சாலை இல்லாத காலம் அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல்தான் முழுமையடைந்தது. பழைய சாலையில் செம்மோரைத் தாண்டிப் போனால் இருபுறமும் பால்மரம், பால்மரம், பால்மரந்தான்.

சுங்கை சிப்புட் நம் வரலாற்றில் பெயர் பதித்த ஊர். 1948 ஜூன் 16-ஆம் நாள் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டது இந்த வட்டாரத்துத் தோட்டங்களில்தான். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலியும், இரவில் ஊரடங்கும் இருந்த நாள்களைப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கி, தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலேயே தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அவர் நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலை இந்த ஊரின் பெருமை.

நாங்கள் போனது அங்கிருந்து உள்ளே செல்லும் ஒரு தோட்டத்துக்கு. செம்மண் சாலையில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாரியம்மன் கோயில் முன்னே பலகைகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். தென்னங்குருத்துத் தோரணம், வண்ணக் காகிதக் கொடிகள். பாய்களைக் கொண்டுவந்து விரித்து, பிள்ளைகளை முன்னே உட்காரவைத்து, பெண்கள் ஒருபுறமும் ஆண்கள் ஒருபுறமுமாக மக்கள் காத்திருந்தார்கள். பத்து மணிக்கு நின்றுவிடும் மின்சாரம், அன்று கிராணியாரின் தயவால் நள்ளிரவு வரை நீட்டிக்கப்பட்டது.

டி.எம்.எஸ். பாட்டுக்கு ஆண்கள் விசில் அடித்தார்கள். சீர்காழியின் பக்திப் பாட்டுக்குப் பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மலேசியா வாசுதேவன் பாட்டுக்கு இளவட்டங்கள் மேடையருகே வந்து ஆடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கச்சேரி முடிந்து பணம் கொடுக்கும் நேரம் வந்தது. பேசியது நூற்றைம்பது வெள்ளி. கோயில் தலைவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னே வைத்தார். உள்ளே ஒற்றை வெள்ளி நோட்டுகளும் சில்லறைக் காசும். ஒவ்வொரு வீட்டிலும் வரியாகத் தண்டியது. நோட்டுகளிலிருந்து ஒட்டுப்பால் வாடை வந்தது.

"எலை உதிர்ற நேரங்க. பாலு கம்மி. கொறைஞ்சா மன்னிச்சுக்குங்க" என்றார் தலைவர், தலையைக் குனிந்தபடி.

எண்ணிப் பார்த்ததில் நூற்று முப்பத்திரண்டு வெள்ளி இருந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அதிலிருந்து முப்பத்திரண்டு வெள்ளியை எடுத்துத் தலைவர் கையிலேயே வைத்து, "அம்மனுக்கு எண்ணெய் வாங்குங்க" என்றார். எனக்கு உள்ளூரக் கோபம். என் பங்கும் குறைகிறதே! சில ஊர்களில் பேசிய பணத்தில் பாதியைக் கொடுத்து, மீதியை நாளைக்கு என்று ஏமாற்றிய பெரிய மனிதர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த ஏழைகள் அப்படிச் செய்யவில்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்கள். அண்ணன் செய்ததன் பொருள் எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது.

சருகுகளின் நடுவே ஒரு குரல்

அன்றிரவு ஆயாக் கொட்டகையில் படுத்தோம். விடியுமுன் எழுந்து வழக்கம்போல் ஓடினேன். பெரட்டு முடிந்து ஆள்கள் காட்டுக்குள் போயிருந்தார்கள். பனி படர்ந்திருந்தது. மொட்டை மரங்களின் நடுவே ஆங்காங்கே நெற்றி விளக்குகள் மின்மினிபோல் அசைந்தன. குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறினால் சீக்கிரம் உறைந்துவிடும். அதனால்தான் நம் பெற்றோர்கள் சூரியனுக்கு முன்னே எழுந்தார்கள்.

சருகுகள் நொறுங்க ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றேன். யாரோ பாடுகிறார்கள். உரத்த குரல் இல்லை. கத்தி பட்டையைச் சீவும் ஓசைக்கு இசைவாக, மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டே, தனக்குத்தானே பாடும் குரல். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. தலையில் துண்டு, இடுப்பில் புகையும் கொசுவத்தி.

என்னைக் கண்டதும் பாட்டு நின்றுவிட்டது.

"யாரு தம்பி? வெள்ளனவே இந்த ஓட்டம் ஓடுறீங்க? புலி கிலி வெரட்டுதா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. விவரத்தைச் சொன்னேன்.

"அட, நேத்துப் பாடுன தம்பியா! நல்லாத்தான் பாடுனீங்க. எல்லாம் ரேடியோவுல கேட்ட மாதிரியே இருந்துச்சு."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். "நீங்க பாடுனது என்ன பாட்டும்மா? எந்தப் படம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "படமா? இது எங்க ஆத்தா பாட்டு தம்பி. கப்பல்ல வந்தது, காடு வெட்டுனது, மொதப் புள்ளையப் பறிகொடுத்தது எல்லாம் இதுல வரும். நெரையில நின்னு பாடிக்கிட்டே வெட்டும். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் பாடமாயிருச்சு. முழுசாத் தெரிஞ்சது நானும் எந் தங்கச்சியுந்தான்."

பேசிக்கொண்டே அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். கை நிற்கவில்லை. நானும் கூடவே நடந்தேன். மறுபடி கொஞ்சம் பாடிக் காட்டினார். தாலாட்டா, ஒப்பாரியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மெட்டு. ஏறும்போல் தோன்றி, ஏறாமல் மடங்கி விழும்.

"தம்பி, நீங்க பத்து காஜா பக்கம் போவீங்களா?"

"போவோம்மா. அடுத்த மாசம் அங்க ரெண்டு கச்சேரி இருக்கு."

"எந் தங்கச்சி அங்கதான் வாக்கப்பட்டுப் போயிருக்கா. பாத்து மூணு வருசமாச்சு. இந்தப் பாட்ட நீங்க மேடையில பாடுங்க தம்பி. ஆத்தா பாட்ட ஒலிபெருக்கியில கேட்டா, அவ எங்க இருந்தாலும் எந்திரிச்சு ஓடியாந்துருவா. சொல்லிவிடுறேன். படிச்ச புள்ளதான நீங்க, எழுதிக்கிருங்க. மத்தியானம் பால் எடுத்துட்டு வந்து முழுசாச் சொல்றேன்."

"சரிம்மா, கண்டிப்பா" என்றேன்.

மத்தியானம் வரை யார் இருந்தது? எட்டு மணிக்கே வேன் ஹாரன் அடித்துவிட்டது. கோலகங்சாரில் மறுநாள் கச்சேரி. அண்ணனிடம் சொல்லியிருந்தால் நிச்சயம் நின்றிருப்பார். நான் சொல்லவில்லை. காட்டுப் பாட்டு ஒன்றுக்காக வேனை நிறுத்தினால் மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று வெட்கப்பட்டேன். 'அடுத்த வாரம் வந்து எழுதிக்கொள்ளலாம்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வழியில் கண்டவர்கள்

கோலகங்சாரில் ஒரு பால்மரத்தைக் காட்டினார்கள். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த நாற்றுகளில் ஒன்பது இங்கே நடப்பட்டன. அப்போது பேராக்கின் ஆங்கில அதிகாரியாக இருந்த ஹியூ லோவின் முயற்சி அது. பிரேசில் காட்டில் பிறந்த விதை இலண்டன் சென்று முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்த கதை பெரிய கதை. அந்தப் பழம்பெரும் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகளைக் கடல் தாண்டி அழைத்துவந்தது இந்த மரந்தானே என்று அதைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் இலை உதிர்த்து நின்றது.

அங்கிருந்து திரும்பும் வழியில் வேன் மக்கர் செய்தது. தள்ளிக்கொண்டுபோய் ஒரு சீனர் கடை வாசலில் நிறுத்தினோம். கடைக்காரர் வெளியே வந்து, "என்னா தம்பி, காடி கெட்டுப் போச்சா? வாங்க, மொதல்ல கோப்பி குடிங்க" என்று நம் தமிழிலேயே பேசினார். தோட்டத்துக்கு மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கடனுக்குக் கொடுத்தே தமிழ் கற்றுக்கொண்டாராம். கூட்டாளி கடையில் சொல்லி வேனைப் பழுது பார்த்துக் கொடுத்தவர், கூலியாக ஒன்று கேட்டார். "ஒரு டி.எம்.எஸ். பாட்டுப் பாடு!" அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று பாடினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அந்தக் கச்சேரியை நான் மறக்கவே இல்லை.

பங்குனியில் பத்து காஜா வந்து சேர்ந்தோம். வழியில் கெல்லி மாளிகையைப் பார்த்தோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரத் தோட்டத்துரை ஆசையாகக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை அது. அதைக் கட்டியவர்களில் நம் தமிழர்கள் பலர். 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அங்கேயும் பல தொழிலாளர்களைக் கொண்டுபோயிற்று. தொழிலாளர்களுக்காக அருகில் ஒரு மாரியம்மன் கோயில் எழும்பியது. கோயில் சுவரின் உச்சியில் தெய்வ உருவங்களோடு கோட்டுப் போட்ட துரையின் உருவமும் நிற்பதைக் காணலாம். துரை 1926-இல் போர்த்துகலின் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை பாழடைந்தது, கோயிலில் விளக்கு எரிகிறது.

அந்த வட்டாரத்துத் தோட்டத்தில் அன்றிரவு எங்கள் கச்சேரி. நன்றாகவே நடந்தது. ஒலிபெருக்கியை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகச்சாயலைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

"அண்ணே, சுங்கை சிப்புட்டுலேர்ந்து எங்க அக்கா சொல்லிவிட்டுச்சு. எங்க ஆத்தா பாட்ட நீங்க பாடுவீங்கன்னு. கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

என்ன சொல்வது? "நேரமில்லாமப் போச்சு" என்றேன். பொய். நான் எழுதிக்கொள்ளவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"பரவாயில்லண்ணே. அக்கா நல்லா இருக்குதா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு லயத்தின் இருட்டுக்குள் போய்விட்டார். அவரிடமாவது அந்தப் பாட்டைக் கேட்டு எழுதியிருக்கலாமே என்ற புத்தி, வேன் கம்பாரைத் தாண்டிய பிறகுதான் எனக்கு வந்தது.

அதன்பின் தாப்பா, பீடோர் என்று ஓடி, சித்திரையில் தெலுக் இந்தான் சேர்ந்தோம். அப்போது அதற்குத் தெலுக் அன்சன் என்றே பெயர், 1982-இல்தான் மாறியது. 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம் ஊர் நடுவே நிற்க, தெண்டாயுதபாணி கோயிலின் சித்ரா பௌர்ணமிக்கு ஊரே திரண்டிருந்தது. நிலா வெளிச்சத்தில் பாடினேன். கைதட்டல் குறைவில்லை. மனத்தில்தான் அந்தப் பெண் 'கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மீண்டும் அதே வழியில்

சென்னைக் கனவு பலிக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம், பிள்ளைகள் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மாசி மாதத்தில் கோலாலம்பூரிலிருந்து மின்சார இரயிலேறி ஈப்போவில் இறங்கினேன். வெள்ளை மாளிகை அப்படியே இருந்தது. வாடகைக் காடி பிடித்துச் சுங்கை சிப்புட் போனேன்.

சாலையின் இருபுறமும் செம்பனை. உலகத்திலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு என்ற பெயர் நமக்கு இருந்தது. 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தாய்லாந்து நம்மை முந்திக்கொண்டது. பால்மரங்கள் வெட்டப்பட்டன. சில தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புத் திட்டங்களாயின. பரம்பரையாய் இருந்த மக்கள் லயங்களை விட்டு வெளியேறி, பட்டண ஓரத்து மலிவு விலை வீடுகளுக்குச் சிதறிப் போனார்கள். செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. மாசி மாதம் என்று சொல்ல அந்தக் காட்டில் ஓர் அடையாளமும் இல்லை.

நான் பாடிய தோட்டத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது. புதிய வண்ணம் பூசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பட்டணத்திலிருந்து வந்து விளக்கேற்றும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். அந்த அம்மாவின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"அந்த லயத்து ஆளுங்க எல்லாம் கெளம்பி முப்பது வருசம் இருக்கும் ஐயா. யாரு எங்க போனாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

கோயில் வாசலில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மேடை போட்ட இடத்தில் புல் வளர்ந்திருந்தது.

திரும்பும்போது சுங்கை சிப்புட் சந்தையருகே பசியாற நுழைந்தேன். பக்கத்து மேசையில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, பேத்தியோடு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல்களைப் பார்த்தேன். கத்தி பிடித்துப் பிடித்து வளைந்துபோன விரல்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கைகளை உங்களுக்குத் தெரியாதா? துணிந்து பேச்சுக் கொடுத்தேன்.

"பால்மரம் வெட்டுறப்ப பாடுவீங்களா பாட்டி?"

"பாடாம? இருட்டுல தனியா நிக்கிறப்ப பயம் தெளியணுமில்ல?"

எனக்கு நினைவிருந்த மெட்டை மெல்ல முனகிக் காட்டினேன். சொற்கள் இல்லை, மெட்டு மட்டுந்தான். பாட்டி தோசையை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மெட்டு தெரியுது. எங்க தோட்டத்துல வேற மாதிரி சொல்லுவோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாதிரி."

அப்படிச் சொல்லிவிட்டு, கடையின் இரைச்சலுக்கு நடுவே, தம் பாட்டைப் பாடத் தொடங்கினார். குரல் நடுங்கியது. அதில் கப்பல் இல்லை. ஒரு தண்டலின் கொடுமையும், ஆயாக் கொட்டகையில் அழும் ஒரு பிள்ளையும் வந்தன. பேத்தி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, நீ பாடுவியா? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று கைத்தொலைபேசியை எடுத்தாள். பாட்டி வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். நாங்கள் இருவரும் கெஞ்சிக் கேட்ட பிறகு, முதலிலிருந்து மறுபடி பாடினார். இம்முறை முழுவதும் பதிவாயிற்று.

நான் தேடிப்போன பாட்டு அது அன்று. அந்தப் பாட்டு இனி எனக்குக் கிடைக்கப் போவதில்லை. இரண்டு சகோதரிகளுக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்த ஒன்றை, என் கையில் வைத்தும் நான் கீழே போட்டுவிட்டேன்.

அன்பு வாசகர்களே! முரசு நெடுமாறன் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' 1997-இல் வெளிவந்தது. நூறாண்டுக் கவிதைகளை ஒரு மனிதர் தேடிச் சேர்க்க முடிந்ததென்றால், நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒரு பாட்டை நம்மால் காப்பாற்ற முடியாதா? எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார்கள் தங்கள் வரலாற்றைப் பாட்டில்தான் வைத்தார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று மாலையே அருகில் உட்கார்ந்து கேளுங்கள். ஏட்டில் எழுதுங்கள், கைத்தொலைபேசியில் பதியுங்கள். 'அடுத்த வாரம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பத்து காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில், 1981 பங்குனித் திருவிழாவில், இடுப்பில் குழந்தையோடு கச்சேரி முடியும் வரை காத்திருந்த அம்மா இதைப் படிக்க நேர்ந்தால், அல்லது பிள்ளைகள் படித்துச் சொல்லக் கேட்டால், இந்தப் பாட்டுக்காரனை மன்னியுங்கள். நீங்கள் பாடினால், இம்முறை கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன்.